தெருவை அடைக்கும் இன்ஜினியர்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



செயலாளர் அண்ணன் போனில், "ஏதாவது டெக்னிகலா பேசுப்பா, ஆனா சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சுடு" என்று சொல்லியிருக்கிறார். எனவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். நான் இப்போது லண்டனில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் போக்குவரத்துப் பொறியாளன். ஊரில் யாராவது "ரோடு போடுறியா?" என்று கேட்டால், "இல்லீங்க, அடைக்கிறேன்" என்பேன். சிரிக்க வேண்டாம், உண்மையில் அதுதான் வேலை.

பெரிய சாலையில் நெரிசல் என்றால் கார்கள் பக்கத்துக் குடியிருப்புத் தெருக்களில் புகுந்து குறுக்கே ஓடும். அந்தத் தெருவின் நடுவில் இரண்டு மரத்தொட்டிகளை வைத்துவிட்டால் நடப்பவரும் சைக்கிளும் போகலாம், கார் போகாது. அங்கே குடியிருப்பவர் தன் வீட்டுக்குக் காரில் வரலாம், ஆனால் ஒரு பக்கமாகத்தான் வரவேண்டும். பெரிய சாலைகளில் இதே கதை வேறு மாதிரி: பிளாஸ்டிக் குச்சிகளை நட்டுச் சைக்கிளுக்கு ஒரு பாதை பிரித்துவிடுகிறார்கள். 2020-ல் கொரோனா வந்தபோது இந்த இரண்டும் லண்டன் முழுவதும் ராத்திரியோடு ராத்திரியாக முளைத்தன.

எதை வைத்து இப்படிச் செய்ய முடிந்தது? அவர்களுடைய 1984-ஆம் வருடத்துச் சாலைப் போக்குவரத்து ஒழுங்குச் சட்டத்தில் "பரிசோதனை உத்தரவு" என்று ஒரு வகை இருக்கிறது. வழக்கமாக ஜனங்களைக் கேட்டுவிட்டுத்தான் தெருவில் கை வைக்க வேண்டும். பரிசோதனை உத்தரவில் முதலில் செய்துவிடலாம். நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து ஆறு மாதம் யார் வேண்டுமானாலும் ஆட்சேபணை எழுதலாம். அதிகபட்ச ஆயுள் பதினெட்டு மாதம். அதற்குள் நிரந்தரமாக்க வேண்டும், இல்லை எடுத்துவிட வேண்டும். நடுவில் ஏதாவது மாற்றினால் அந்த ஆறு மாதம் மறுபடி முதலிலிருந்து எண்ணப்படும். காகிதத்தில் வரைபடத்தைக் காட்டி "உங்கள் கருத்து என்ன?" என்று கேட்பதைவிட, தெருவிலேயே செய்து காட்டிக் கேட்பது நேர்மையான வழி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் ஒரு நிபந்தனை. எடுத்துவிடவும் நாம் தயாராக இருந்தால்தான் அது பரிசோதனை. முடிவை மனசுக்குள் எடுத்துவிட்டு "டிரையல்" என்று பெயர் வைத்தால் ஜனங்கள் உடனே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

எங்கள் தவறு ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். ஒரு கவுன்சிலுக்காக நான் பார்த்த முதல் திட்டம். சாலையின் குறுக்கே ரப்பர் குழாய் போட்டு வண்டி எண்ணுவது உங்களுக்குத் தெரியும். தொட்டி வைப்பதற்கு "முன்" எண்ணிக்கையைப் பள்ளி விடுமுறை வாரத்தில் எடுத்துவிட்டோம். "பின்" எண்ணிக்கை பள்ளி நடக்கும் வாரத்தில். விளைவு, பக்கத்துப் பெரிய சாலையில் வண்டிகள் தாறுமாறாகக் கூடிவிட்டதாகக் காகிதம் சொன்னது. கூட்டத்தில் ஓர் அம்மையார் எழுந்து எங்கள் அட்டவணையை எங்களுக்கே வாசித்துக் காட்டினார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. தொட்டி வைத்தாகிவிட்டது, இனி அந்த "முன்" திரும்பி வராது. முதலாம் ஆண்டு லேபில் ஆரம்ப ரீடிங் எடுக்காமல் ரெக்கார்டு எழுதி நான் வாங்கிய திட்டு நினைவுக்கு வந்தது. அந்தப் பேராசிரியர் இதோ முன் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்!

கடைசியில் காப்பாற்றியது பஸ். லண்டன் பஸ்கள் எந்த நிறுத்தத்தை எப்போது கடந்தன என்று தினமும் பதிவாகிறது. முந்தைய ஆண்டின் அதே பள்ளி வாரங்களை எடுத்து ஒப்பிட்டோம். காலை நேரத்தில் ஒரு சிக்னலில் மட்டும் பஸ் தாமதமாவது உண்மை என்று தெரிந்தது. அந்த அம்மையார் சொன்னதில் பாதி சரி. சிக்னல் நேரத்தை மாற்றினோம்.

ஐந்தாம் மாதம் ஒரு கடிதம் வந்தது. கையால் எழுதியது. எழுதியவர் வயதானவர். மனைவிக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். திரும்பி வரும்போது அவருக்கு உட்காரவே முடியாது. எங்கள் தொட்டியால் வீட்டுக்கு வரச் சுற்று அதிகமாகிவிட்டது, நெரிசல் வேறு. "சைக்கிளுக்கு நான் எதிரி அல்ல" என்றும் எழுதியிருந்தார். அந்தத் தொட்டிகளை ஓரமாகத் தள்ளி, நடுவில் கேமரா வைத்து, ஊனமுற்றோர் அட்டை வைத்திருப்பவர்களின் வண்டி எண்ணைப் பதிந்துகொண்டு அவர்களை மட்டும் விடுவது என்று மாற்றினோம். ஒன்பதாம் மாதம் மாற்றினோம். ஆறு மாதம் மறுபடி ஓடியது. பதினைந்தாம் மாதம் முடிந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் காலண்டரே எங்களைத் தோற்கடித்திருக்கும்.

கடிதங்களைப் படிக்காவிட்டால் என்ன ஆகும்? வெஸ்ட் டல்விச் பகுதியில் லாம்பெத் கவுன்சில் செய்த பரிசோதனையை 2025 மே மாதம் உயர் நீதிமன்றம் சட்டவிரோதம் என்றது. வழக்குப் போட்டவர்கள் மூன்று காரணம் சொன்னார்கள். இரண்டு தள்ளுபடி. மிஞ்சிய ஒன்று, குடியிருப்போர் கொடுத்த 53 பக்க ஆவணத்தைக் கவுன்சில் கருத்தில் கொள்ளவில்லை என்பது. தொட்டி வைத்ததற்காக அல்ல, படிக்காததற்காகத் தோற்றார்கள்.

அவசரமாக எடுப்பதும் இதே வகைக் குற்றம்தான் என்பது என் கட்சி. கென்சிங்டன் ஹை ஸ்ட்ரீட்டில் 2020-ல் போட்ட சைக்கிள் பாதையை ஏழே வாரத்தில் பிடுங்கிவிட்டார்கள். புதிய வழிக்கு ஜனங்கள் பழகவே அதற்குமேல் ஆகும். ஏழு நாள் கியூப்பை உடைத்துவிட்டு இருபத்தெட்டு நாள் பலம் இல்லை என்று சொல்கிற மாதிரி.

பெர்லினில் வேறு விதம். தற்காலிகச் சைக்கிள் பாதைகளை எதிர்த்த வழக்கில் 2020 செப்டம்பரில் கீழ் நீதிமன்றம், தொற்றுநோய் ஒரு காரணமாகாது, அந்தந்தச் சாலையில் ஆபத்து இருப்பதைக் காட்டு என்றது. நகர நிர்வாகம் போக்குவரத்து எண்ணிக்கையையும் விபத்துக் கணக்கையும் எடுத்துக்கொண்டு மேல் நீதிமன்றத்துக்குப் போனது. பாதைகள் நின்றன. வாதத்தில் ஜெயிக்காதது கணக்கில் ஜெயித்தது.

எங்கள் தெரு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பதினேழாம் மாதம் நிரந்தரமாயிற்று. நான் திட்டமிட்டபடி அல்ல. கேமரா, விலக்குப் பட்டியல், மாற்றிய சிக்னல் எல்லாம் சேர்த்து. கூட்டத்தில் அட்டவணை வாசித்த அம்மையார் கடைசிவரை எதிர்த்தே எழுதினார். அடுத்த தெருவுக்கு "முன்" எண்ணிக்கை எடுக்கும்போது தேதியை முதலில் அவருக்குத்தான் அனுப்பினேன். "அந்த வாரம் வேண்டாம், அன்றைக்குப் பக்கத்துத் தெருவில் தண்ணீர்க் குழாய் வேலை" என்று பதில் வந்தது. எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

செயலாளர் அண்ணன் வாட்சைப் பார்க்கிறார்.