சமய ஆட்சியில் அரசியற் கட்சிகள்
(வெள்ளி விழாச் சொற்பொழிவு)



கட்சிகளும் தேர்தலும் உள்ள நாட்டில் மக்களாட்சியும் உண்டு என்று பலர் கருதுவர். இக்கருத்து எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை ஈரான் நாட்டின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வோம்.

1979ஆம் ஆண்டு அங்கு மன்னராட்சி வீழ்ந்து, இஸ்லாமியக் குடியரசு மலர்ந்தது. அதன் அரசியல் சட்டத்தின் 26ஆம் பிரிவு, கட்சி அமைக்கும் உரிமையை வழங்கிற்று. ஆனால், கட்சிகள் இஸ்லாமிய நெறியை மீறலாகாது என்ற வரம்பும் உடன் வந்தது. வேட்பாளரின் தகுதியை ஆராயும் பொறுப்பு 12 பேர் கொண்ட காவலர் மன்றத்தைச் சார்ந்தது. அவர்களுள் சமய அறிஞர் அறுவரை உச்சத் தலைவர் நியமிப்பார். சட்ட அறிஞர் அறுவரை, நீதித்துறை முன்மொழிய, நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்கும். அந்நீதித்துறையின் தலைமையும் உச்சத் தலைவரின் நியமனமே.

இதன் விளைவு யாது? புதிய ஆட்சியை ஆதரித்து நின்ற தூதே என்னும் பொதுவுடைமைக் கட்சி 1983இல் தடை செய்யப்பட்டது. ஆளுவோரின் சொந்தக் கட்சியான இஸ்லாமியக் குடியரசுக் கட்சியே 1987இல் கலைக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டுத் தேர்தலில் சீர்திருத்தவாதிகள் பெரும்பான்மை பெற்றனர். 2004இல் அவர்களுள் பலர் போட்டியிடவே தகுதியற்றவராக அறிவிக்கப்பட்டனர்; பதவியிலிருந்த உறுப்பினர்களும் தப்பவில்லை. 2021இல் குடியரசுத் தலைவர் பதவிக்கு மனுச் செய்தோர் ஏறத்தாழ 590 பேர். ஏற்கப்பட்டோர் 7 பேர். வாக்குப் பெட்டி மக்களிடம் இருந்தது. வாயிற்கதவின் திறவுகோலோ வேறொருவர் கையில் இருந்தது.

அச்சட்டம் யூதர், கிறித்தவர், சரத்துஸ்திர சமயத்தார் ஆகியோருக்கு நாடாளுமன்றத்தில் 5 இடங்களை ஒதுக்கியது. பகாய் சமயத்தாருக்கோ ஓரிடமும் இல்லை. எச்சமயம் ஏற்புடையது என்பதை அரசே முடிவு செய்யுமானால், ஒதுக்கீடும் சிலருக்குச் சலுகையாகி, சிலருக்குத் தடையாகிவிடும்.

நம் நாடு சமய அரசன்று; நம் கட்சிகளுக்குச் சமயத் தேர்வும் இல்லை. எனினும், 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி உரிமையைச் சமயத்தோடு பிணைத்தது. சீக்கியர் 1956இலும், பௌத்தர் 1990இலும் அதனுள் சேர்க்கப்பட்டனர். கிறித்தவம் தழுவிய நம் உறவினர் தனித்தொகுதியில் நிற்க இயலாது. சேரியும் இழிவும் மாறாதிருக்க, சமயம் மாறியதால் மட்டும் உரிமை போவது முறையாகுமா?

இளைஞர்களே! வாக்குக் கேட்டு வரும் கட்சியாரிடம் சாலையும் விளக்கும் கேளுங்கள். இவ்வினாவையும் தவறாது கேளுங்கள். கதவைக் காப்பவர் யார் என்று கேளாத கட்சி, எந்த ஆட்சியிலும் வெறும் அலங்காரமே. அதனைக் கேட்கும் துணிவைக் கல்வி நமக்குத் தந்துள்ளது.