மாவில்லாத ஒரு தட்டு



சமையலைப் பற்றி வானொலியில் பேச வந்தவர், வீட்டுப் பெண்மணிகளை நோக்கியே பேசுவது நெடுநாளைய வழக்கம். நான் இன்று உங்களை நோக்கிப் பேச விரும்புகிறேன். நாளை விடுதியிலோ, வேலைக்குச் சென்ற ஊரில் ஒரு சிறிய அறையிலோ தனித்து வாழப்போகிறவர்கள் நீங்கள். அன்றியும், வீட்டிற்கு வரும் விருந்தினருக்குத் தட்டெடுத்துக் கொடுக்கும் பொறுப்பும் பெரும்பாலும் இளைஞர்களாகிய உங்களிடமே வந்து சேர்கிறது. அந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றியே என் பேச்சு.

ஒரு மாலை நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. எங்கள் வீட்டில் நிச்சயதார்த்தம். வந்தவர்களுக்கெல்லாம் கேசரி, பஜ்ஜி, போண்டா என்று தட்டுகள் போய்க்கொண்டிருந்தன. என் தந்தைக்கு நீரிழிவு நோய் என்று தெரிந்து அப்போது இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. தட்டு தம்மிடம் வந்ததும், ‘எனக்கு வேண்டாம்’ என்று மெல்லச் சொன்னார். பக்கத்திலிருந்த உறவினர் ஒருவர், ‘என்ன, சர்க்கரையா?’ என்று கூடமே கேட்கும்படி வினவினார். அவர் கெட்ட எண்ணத்துடன் கேட்கவில்லை. ஆயினும் என் தந்தை சிறிது நேரத்தில் எழுந்து, திண்ணைக்குச் சென்று தனியே உட்கார்ந்துகொண்டார். அவர் வீட்டு விருந்தில் அவரே வெளியாள் ஆகிவிட்டார்.

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் அன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நடந்த பெரிய ஆய்வொன்றின் முடிவுகள் 2023-ஆம் ஆண்டில் வெளியாயின. நம் நாட்டில் ஏறத்தாழ 10 கோடியே 10 இலட்சம் பேர் நீரிழிவுடன் வாழ்கின்றனர் என்றும், மேலும் 13 கோடியே 60 இலட்சம் பேர் அந்நோயின் வாயிற்படியில் நிற்கின்றனர் என்றும் அது கூறிற்று. ஆகவே எந்த வீட்டு விருந்திலும் திண்ணைக்கு எழுந்து போகக்கூடியவர் ஒருவரேனும் இருப்பார். அவர் எழுந்து போகாதபடி ஒரு தட்டை அமைக்க முடியுமா என்பதே என் கேள்வியாயிற்று.

முதலில் அறிவியலைச் சிறிது பார்ப்போம். நம் உணவில் ஆற்றல் தருபவை மூன்று: மாச்சத்து, புரதம், கொழுப்பு. இவற்றுள் இரத்தத்தில் சர்க்கரையின் அளவை விரைந்து உயர்த்துவது மாச்சத்து. நூறு கிராம் சோற்றில் ஏறத்தாழ 28 கிராம் மாச்சத்து உண்டு. அதே எடையுள்ள உருளைக்கிழங்கில் 17 முதல் 20 கிராம் வரையில் இருக்கும். மரவள்ளிக்கிழங்கிலோ அது 38 கிராம் அளவுக்குச் செல்லும். முட்டைக்கோசில் 6 கிராமும், வெள்ளரிக்காயில் 3 அல்லது 4 கிராமும் மட்டுமே. மீனில் மாச்சத்து இல்லையென்றே சொல்லிவிடலாம். மீனின் தசை முழுவதும் புரதமும், கொழுப்பும், நீருமே. நூறு கிராம் மத்தி மீனில் புரதம் மட்டும் 18 கிராமுக்குக் குறையாது. இதயத்திற்கு நன்மை தரும் ஒமேகா-3 என்னும் கொழுப்பும் அதில் நிறைய உண்டு. விலையோ பெரிய மீன்களைவிடக் குறைவு.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. எதை உண்கிறோம் என்பது மட்டுமன்றி, எதை முதலில் உண்கிறோம் என்பதும் பொருட்படுத்த வேண்டியதே. 2015-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் வெயில் கார்னெல் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், நீரிழிவுள்ள 11 பேரிடம் ஒரு சோதனை செய்தனர். ஒரு நாள் ரொட்டியையும் பழச்சாற்றையும் முதலில் கொடுத்து, கோழிக்கறியையும் காய்களையும் பின்னர்க் கொடுத்தனர். வேறொரு நாள் அந்த வரிசையைத் தலைகீழாக்கினர். உணவு ஒன்றே, வரிசை மட்டுமே வேறு. புரதமும் காயும் முந்திய நாளில், ஒரு மணி நேரங் கழித்து இரத்தச் சர்க்கரை ஏறத்தாழ 37 விழுக்காடு குறைவாக இருந்தது. பதினொருவரிடம் நடந்த சிறிய சோதனை இது. இதைக்கொண்டு எல்லாம் முடிந்துவிட்டதாகக் கருதலாகாது. ஆயினும் சோற்றுக்கு முன்னால் உண்ணும் சிற்றுணவு, மாவாக இருப்பதைவிட மீனாகவும் காயாகவும் இருப்பது நல்லது என்பதற்கு இஃது ஒரு சான்று.

இவ்வளவும் படித்தறிந்த பெருமையோடு நான் அடுப்படிக்குச் சென்றேன். மீன் கட்லெட் செய்வது என் திட்டம். வழக்கமாக அதில் சேர்க்கும் உருளைக்கிழங்கையும் ரொட்டித் தூளையும் விலக்கிவிட்டு, துருவிய முட்டைக்கோசைச் சேர்த்தேன். கல்லில் இட்ட சிறிது நேரத்திற்கெல்லாம் நீர் கசிந்தது. திருப்பினேன், உடைந்தது. மீண்டும் திருப்பினேன், உதிர்ந்தே போயிற்று. என் முகத்தைப் பார்த்த தந்தை, ஒரு கரண்டியால் அந்த உதிரியை அள்ளித் தம் தட்டில் போட்டுக்கொண்டு, ‘கட்லெட் என்று சொன்னால்தானே உடைந்துவிட்டது என்பார்கள்? புட்டு என்று சொல்லிவிடு. யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்’ என்றார்.

அவர் விளையாட்டாகச் சொன்னதில் ஒரு பாடம் இருந்தது. நம் கடற்கரை ஊர்களில் மீன் புட்டு என்பது பழகிய பண்டம். பெயரில்தான் புட்டு உண்டு. மாவு சிறிதும் இல்லை. நான் தேடிய பண்டம் நம் வீட்டு அடுக்களையிலேயே இருந்தது.

அதைச் செய்யும் முறையைச் சொல்கிறேன். சுறா மீனில் செய்வதே வழக்கம். ஆனால் சுறா இனங்களுள் சில இன்று சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. ஆகையால் பாரையோ சூரையோ போதும். அரைக் கிலோ மீனை மஞ்சள்தூளும் உப்பும் சேர்த்துச் சிறிதளவு நீரில் பத்து நிமிடம் வேகவிடுங்கள். ஆறியபின் தோலையும் முள்ளையும் நீக்கிக் கையால் உதிர்த்துக்கொள்ளுங்கள். வாணலியில் இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு, கடுகு தாளித்து, கறிவேப்பிலை, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் பதினைந்து, பச்சைமிளகாய் நான்கு, இஞ்சி, பூண்டு ஆகியவற்றை வதக்குங்கள். அதில் மீனைச் சேர்த்து, ஈரம் வற்றிப் பொலபொலவென்று வரும்வரையில் கிளறுங்கள். மிளகுத்தூள் தூவி இறக்கிய பின்னரே எலுமிச்சைச் சாறு பிழியவேண்டும். வெள்ளரிக்காயை அரை விரல் கனத்தில் வட்டமாக அரிந்து, ஒவ்வொரு வில்லையின் மீதும் ஒரு கரண்டி புட்டை வையுங்கள். இருபத்தைந்து வில்லைகள் வரையில் கிடைக்கும். வெங்காயத்தையும் வெள்ளரியையும் கணக்கிட்டால், ஒரு வில்லையில் மாச்சத்து ஏறத்தாழ ஒரு கிராம்தான். ஒருவர் ஆறு வில்லைகள் உண்டாலும், ஒரு சிறு கிண்ணச் சோற்றில் உள்ளதைவிட அது மிகக் குறைவே.

மீன் இவ்வாறு எளிதில் உதிர்வது ஏன் என்று நீங்கள் கேட்கலாம். ஆட்டின் தசை நீண்ட நார்களால் ஆனது. அவற்றைப் பிணைக்கும் இணைப்புத் திசுவும் அதில் மிகுதி. மீனின் தசையோ குறுகிய அடுக்குகளாக அமைந்தது. அடுக்குகளுக்கிடையே உள்ள மெல்லிய திசு, குறைந்த வெப்பத்திலேயே கரைந்துவிடுகிறது. நீர் தன் எடையைத் தாங்குவதால், மீனுக்கு வலுவான பிணைப்பு வேண்டுவதில்லை. ஆட்டுக்கறிக்கு ஒரு மணி நேரம் தேவைப்படும் இடத்தில் மீனுக்குப் பத்து நிமிடம் போதுமானதற்குக் காரணம் இதுவே.

உடைந்துபோன கட்லெட்டையும் நான் விட்டுவிடவில்லை. குறை எங்கே என்று என் தாயார்தாம் காட்டினார். ‘கோசில் உப்பைப் போட்டுப் பத்து நிமிடம் வை, பிறகு பிழிந்து பார்’ என்றார். பிழிந்தபோது கால் குவளைக்குமேல் நீர் வந்தது. உங்கள் பாடநூலில் சவ்வூடு பரவல் என்று படிக்கிறீர்களே, அதுதான் இது. உப்பின் செறிவு வெளியே மிகுந்திருப்பதால், காயின் அணுக்களிலுள்ள நீர் வெளியேறுகிறது. அடுப்பில் வெளியேறவேண்டிய நீரை, அடுப்புக்கு முன்பே வெளியேற்றிவிடுகிறோம். உருளைக்கிழங்கின் மாவு செய்துவந்த பிணைக்கும் வேலையை ஒரு முட்டை செய்துவிடும். சூட்டில் அதன் புரதம் உறைந்து எல்லாவற்றையும் பற்றிக்கொள்ளும். வெந்த மீன் 300 கிராம், பிழிந்தெடுத்த முட்டைக்கோசு 200 கிராம், முட்டை ஒன்று, வெங்காயம், பச்சைமிளகாய், புதினா, சிறிது சீரகம். இவற்றைப் பிசைந்து சிறு வடைகளாகத் தட்டித் தோசைக்கல்லில் எண்ணெய் விட்டு இடுங்கள். அடிப்பக்கம் சிவந்து உறுதிப்படும்வரை, அதாவது மூன்று நான்கு நிமிடம், கரண்டியை எடுக்காதீர்கள். என் முதல் முயற்சியைக் கெடுத்ததில் பாதிப் பங்கு என் அவசரத்தையே சேரும்.

மூன்றாவது முறை, எண்ணெயும் மிகுதியாக வேண்டாதது. வஞ்சிரம் போன்ற முள் குறைந்த மீனை இரண்டு விரல் அகலத் துண்டுகளாக்கி, மிளகாய்த்தூள், மஞ்சள், மிளகு, இஞ்சி பூண்டு விழுது, உப்பு, எலுமிச்சைச் சாறு இவற்றில் கால் மணி நேரம் ஊறவையுங்கள். அதற்கு மேல் ஊறினால், புளிப்பினால் சதை கெட்டிப்பட்டுச் சுவை கெடும். வாழையிலையை அனலில் வாட்டி, துண்டுகளுடன் குடமிளகாயும் தக்காளியும் வைத்துப் பொட்டலமாக மடித்து, சூடான கல்லில் மூடியிட்டுப் பக்கத்திற்கு ஐந்தாறு நிமிடம் வேகவிடுங்கள். மீனும் காயும் தம் நீரிலேயே வெந்து, இலையின் மணத்தை ஏற்றுக்கொள்ளும். சதை வெண்மையாகி, கரண்டியால் தொட்டதும் அடுக்கடுக்காகப் பிரிந்தால் வெந்துவிட்டது என்று பொருள்.

மீன் வாங்கும்போது சில செய்திகளை மனத்திற் கொள்ளவேண்டும். கண் தெளிந்து, செவுள் சிவந்து, அழுத்திய சதை மீண்டு எழும்பினால் அது புதிய மீன். சூரை, அயிலை, மத்தி ஆகிய மீன்கள் வெப்பத்தில் நெடுநேரம் கிடந்தால், நுண்ணுயிர்களின் செயலால் அவற்றில் ஹிஸ்டமின் என்னும் பொருள் உண்டாகிறது. அது முகச்சிவப்பும், தலைவலியும், அரிப்பும் தரும். எவ்வளவு வேகவைத்தாலும் அழியாது. ஆகவே, வாங்கியவுடன் பனிக்கட்டியில் வைப்பது இன்றியமையாதது. தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையில் 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு. மீன்கள் இனம் பெருக்குவதற்கான காலம் அது. அந்நாட்களில் கட்டுமரங்களும் நாட்டுப்படகுகளும் கொணரும் நெத்திலியையோ, குளத்து மீனாகிய கட்லாவையோ கொள்ளலாம்.

ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். வளரும் வயதினராகிய நீங்கள் சோற்றைப் பகைவனாகக் கருதவேண்டுவதில்லை. ஓடியாடும் உடலுக்கு அதுவும் தேவையே. நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள் மாச்சத்தைத் திடீரென்று பெரிதும் குறைத்தால், சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்து இடர் விளையக்கூடும். அத்தகைய மாற்றத்தை மருத்துவரைக் கேட்டே செய்யவேண்டும். நான் சொல்வது ஒரு தட்டைப் பற்றித்தான். மருந்தைப் பற்றி அன்று.

சில மாதங்களுக்குப் பின், எங்கள் வீட்டில் மறுபடியும் உறவினர் கூடினர். இம்முறை நானும் என் தாயாரும் மீன் புட்டும், கோசு வடையும், மீன் உண்ணாதவர்களுக்காக வெள்ளரி வில்லைமேல் தாளித்த பனீரும் ஆயத்தம் செய்தோம். என் தந்தைக்கென்று தனித் தட்டு வைக்கவில்லை. அதை வேண்டுமென்றே செய்தேன். நோயாளிக்கென்று ஒதுக்கிய உணவு எவ்வளவு சுவையாக இருந்தாலும், அதை எடுக்கும் கை சிறிது தயங்கும். எல்லோருக்கும் ஒரே தட்டு போயிற்று. முன்பு கேள்வி கேட்ட அதே உறவினர் நான்கு வடைகளை எடுத்துக்கொண்டு, ‘இதில் என்ன மாவு?’ என்று கேட்டார். என் தந்தை என்னைப் பார்த்துச் சிரித்தார். ஐந்தாவது வடையை அவருக்கு முன்னால் தாமே எடுத்துக்கொண்டார். அன்று மாலை முழுவதும் அவர் கூடத்திலேயே இருந்தார்.

நண்பர்களே, விருந்தோம்பல் நம் மக்கள் போற்றிக் காத்த பண்பு. வந்தவர் அனைவரும் ஒருசேர உண்ணக்கூடியதை முன்னரே எண்ணிச் சமைப்பதும் அப்பண்பில் ஒரு பகுதியே. அடுத்த முறை நீங்கள் தட்டை ஏந்திக் கூடத்திற்குள் நுழையும்போது, அதைத் தொடமுடியாதவர் எவரேனும் அங்கே அமர்ந்திருக்கிறாரா என்று ஒரு கணம் பாருங்கள். இருந்தால், அதற்கடுத்த முறை அடுப்படிக்கு நீங்களே செல்லுங்கள். முதல் வடை உடைந்தால் கவலை வேண்டாம். அதற்குப் புட்டு என்று பெயர்.