நின்ற பிள்ளைகள் அல்ல, நிறுத்தப்பட்ட பிள்ளைகள்

(கல்வி உரிமைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



பள்ளிக்கு வராத பிள்ளையை அரசு ஏடுகள் 'இடைநின்ற குழந்தை' என்று எழுதுகின்றன, ஏதோ அது தானாகவே நின்றுவிட்டதைப் போல. நான் கேட்கிறேன்: நின்றதா, நிறுத்தப்பட்டதா?

திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டச் செங்கல் சூளைகளைப் பாருங்கள். அங்கே கல் அறுப்பவர்களில் இருளர் குடும்பங்கள் பல. மழைக்காலம் முடிந்ததும் சூளை வேலை தொடங்கும். கோடை முழுக்க நடக்கும். முழு ஆண்டுத் தேர்வு வருவதும் அந்த மாதங்களில்தான். முன்பணம் வாங்கிய குடும்பம் பிள்ளைகளோடு சூளைக்குப் போயாக வேண்டும். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. பெரியவர் இருவர் உழைத்தும் கடன் அடையாதபோது, பச்சைக் கல்லைத் திருப்பிப் போடவும் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் பிள்ளையின் கை தேவைப்படுகிறது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல்!

இதையும் தாண்டிப் படிக்கும் பிள்ளையை மறிப்பது சாதிச் சான்றிதழ். பழங்குடியினருக்கு அதை வட்டாட்சியர் தர முடியாது. கோட்டாட்சியர்தான் தர வேண்டும். அப்பாவிடம் இருக்கிறதா, சித்தப்பாவிடம் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். பட்டா இல்லாத, பள்ளி வாசலையே மிதிக்காத குடும்பம் காகிதத்துக்கு எங்கே போகும்? ஒதுக்கி வைக்கும்போது எந்தச் சான்றும் கேட்காத சமூகம், உரிமை கேட்டால் மட்டும் சான்று கேட்கிறது.

அரை நாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்று 1953இல் ராஜாஜி கொண்டுவந்த குலக்கல்வித் திட்டத்தைப் பெரியார் எதிர்த்துப் போராடினார். 1954இல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. அரசாணையில் செத்த குலக்கல்வி சூளையில் உயிரோடு இருக்கிறது. அங்கே அரை நாள் பள்ளிகூட இல்லை.

கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. வயதுச் சான்று இல்லை, மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்று 6 முதல் 14 வயதுப் பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, சிறப்புப் பயிற்சியும் தர வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது சலுகை அல்ல. சூளை தொடங்கும் நாளிலேயே பக்கத்துப் பள்ளியில் பிள்ளைகளைச் சேருங்கள். சான்றிதழுக்காக அவர்களை அலையவிடாமல், அதிகாரிகள் குடியிருப்புக்கு வந்து விசாரித்துக் கொடுக்கட்டும். முன்பணத்தால் கட்டிப்போடும் முதலாளிமீது வழக்குப் போடுங்கள்.

தோழர்களே, உங்கள் ஊர்ப் பள்ளியின் வருகைப் பதிவேட்டில் நீண்ட நாள் வராத பிள்ளைகளின் பெயர்களைக் கேட்டு வாங்குங்கள். அவர்கள் எந்தத் தெருப் பிள்ளைகள் என்று பாருங்கள். நிறுத்தியது யார் என்பது தெரிந்துவிடும்.