நிறம் மட்டும் சொன்னால் போதாது

வெளியூர்ப் பேருந்துக்கு இணையத்தில் முன்பதிவு செய்யும்போது, இருக்கைகள் கட்டம் கட்டமாகத் திரையில் விரியும். பச்சை என்றால் காலி, சிவப்பு என்றால் நிரம்பிவிட்டது என்று ஒரு தளம் வைத்திருந்தால் பலருக்குச் சிரமமே இல்லை. ஆனால் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே மங்கிய நிறம்தான். எந்த இருக்கை காலி என்று அவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பது?

இது அபூர்வமான குறைபாடு அல்ல. வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்கு நிறக்குறைபாடு உண்டு. பெண்களில் 200 பேரில் ஒருவருக்குத்தான். நம் நாட்டில் விகிதம் சற்றுக் குறைவு என்றாலும், மக்கள்தொகையை நினைத்தால் அது பெருங்கூட்டம். ஃபேஸ்புக்கைத் தொடங்கிய மார்க் சக்கர்பெர்க்குக்கும் சிவப்பு, பச்சைக் குறைபாடு உண்டு. தமக்கு நன்றாகத் தெரியும் நிறம் நீலம் என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்தத் தளம் நீலமாக இருப்பதன் பின்னணி அதுதான்.

இணையத் தளங்கள் எல்லோருக்கும் பயன்பட வேண்டும் என்பதற்காக டபிள்யூ3சி என்ற உலக அமைப்பு நெறிமுறைகள் வகுத்திருக்கிறது. அவற்றில் ஒன்று, எந்தத் தகவலையும் நிறத்தால் மட்டும் சொல்லக் கூடாது என்பது. நிரம்பிய இருக்கையின் மேல் ஒரு குறுக்குக்கோடு போட்டால் போதும், பிரச்சினை தீர்ந்தது. படிவத்தில் பிழை வந்தால் பெட்டியைச் சிவப்பாக்குவதோடு நிற்காமல், “கைபேசி எண்ணில் பத்து இலக்கங்கள் வேண்டும்” என்று கீழே எழுத வேண்டும்.

அடுத்தது, எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாடு. இதை ஒளியளவின் விகிதமாகக் கணக்கிடுகிறார்கள். வெள்ளையின் மேல் கறுப்பு எழுத்துக்கு 21:1, அதுதான் உச்சம். சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 இருக்க வேண்டும் என்று 2008இல் வந்த நெறிமுறை சொல்கிறது. வெள்ளையில் பளிச்சென்ற மஞ்சள் எழுத்துக்கு இந்த விகிதம் 1.1ஐக்கூடத் தொடுவதில்லை. வெளிர் சாம்பல் எழுத்து வடிவமைப்பாளரின் பெரிய திரையில் நேர்த்தியாகத் தோன்றலாம். உச்சி வெயிலில் கைபேசியைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கு அது வெற்றுத்தாள்.

தமிழில் இந்தக் கவனம் இன்னும் அதிகம் வேண்டும். ணகரத்துக்கும் னகரத்துக்கும் ஒரு சுழிதான் வித்தியாசம். மெய்யெழுத்தைக் காட்டுவது தலைமேல் ஒரு சிறு புள்ளி. எழுத்து மெலிந்து, நிறமும் வெளிறினால் முதலில் மறைவது அந்தப் புள்ளிதான். எழுத்துக்கு மேலும் கீழும் கொக்கிகள் நீளும் மொழி நம்முடையது. ஆகவே வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம் விடுங்கள்.

நிறங்களை அள்ளி இறைக்காதீர்கள். பின்னணிக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று, அழுத்த வேண்டிய பொத்தானுக்கு ஒன்று. பொத்தானுக்குக் கொடுத்த நிறத்தை அலங்காரத்துக்குச் செலவிடாமல் இருந்தால், எங்கே அழுத்துவது என்று யாரும் தேட வேண்டியதில்லை. பொத்தான்களை நெருக்கி வைத்தால் விரல் தவறிப் பக்கத்துப் பொத்தானில் படும். படிவத்தில் “பெயர்”, “முகவரி” போன்ற சொற்களைப் பெட்டிக்கு வெளியே எழுதுங்கள். உள்ளே எழுதினால், தட்டச்சு செய்யத் தொடங்கியதும் அவை மறைந்து, எந்தப் பெட்டியில் எதை நிரப்பினோம் என்பதே குழம்பிவிடும்.

ஒரு தளம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. இன்றைய கைபேசிகளின் அமைப்புகளில் திரையைக் கறுப்பு வெள்ளையாக்கும் வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டுத் தளத்தைத் திறந்து, ஒரு படிவத்தை முழுவதும் நிரப்பிப் பாருங்கள். எங்காவது தடுமாறினால், அந்த இடத்தில் நிறத்தை மட்டும் நம்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், மின்னணுத் தகவல்கள் எல்லோரும் அணுகும்படி இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே இது வடிவமைப்பாளரின் தயவல்ல, பயன்படுத்துவோரின் உரிமை. உங்கள் கடைக்கோ பள்ளிக்கோ தளம் செய்யக் கொடுக்கும்போது, டபிள்யூ3சி நெறிமுறைகளின்படி செய்து தர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். முதலிலேயே கேட்டால் கூடுதல் செலவு அதிகம் ஆகாது. கட்டி முடித்தபின் திருத்துவதுதான் செலவு.