பௌத்தமும் கிறித்தவமும்: இரண்டு கிணற்றடிகள்

(மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். என் ஆயா கிறித்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் சங்கீதங்கள் பலவற்றை மனப்பாடமாகச் சொல்வார். நான் முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்த ஆண்டு வீட்டுக் கூடத்தில் புத்தர் படம் ஒன்றை மாட்டினேன். ஆயா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ராத்திரி தூக்கம் வராம அழுதா, இவரு கேப்பாரா?" நான் பெரிய விளக்கம் கொடுத்தேன். படைத்த கடவுள் இல்லை, நிலையான ஆன்மா இல்லை, புத்தர் வழிகாட்டி மட்டும்தான் என்றெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டவர், "அப்போ யார்கிட்டதான்டா சொல்றது?" என்றார்.

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. நம் இயக்கங்களுக்குள்ளும் இதே சண்டை வேறு வடிவத்தில் நடக்கிறது. பௌத்தம் தழுவிய தோழர், கிறித்தவத் தோழரைப் பார்த்து, "எஜமானைத்தான் மாற்றியிருக்கிறாய்" என்கிறார். கிறித்தவத் தோழர் திருப்பி, "உன்னுடையது படித்தவனின் மதம், அதில் அழ இடமில்லை" என்கிறார். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதனால்தான் இதைப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் இரண்டு கிணற்றடிகளுக்குப் போவோம்.

திவ்யாவதானத்தில் ஒரு கதை வருகிறது. பிக்கு ஆனந்தர் தாகத்தோடு கிணற்றடிக்கு வருகிறார். அங்கே நீர் இறைத்துக்கொண்டிருக்கும் பிரகிருதி என்ற பெண்ணிடம் தண்ணீர் கேட்கிறார். தான் மாதங்கப் பெண், சண்டாள குலம் என்று அவள் தயங்குகிறாள். உன் குலத்தைக் கேட்கவில்லை, தண்ணீர்தான் கேட்டேன் என்கிறார் ஆனந்தர். யோவான் நற்செய்தியில் இன்னொரு கிணறு. நடுப்பகலில் இயேசு ஒரு சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்கிறார். யூதர்கள் புழங்காத கூட்டத்தைச் சேர்ந்தவள் அவள். யூதராகிய நீர் என்னிடம் கேட்பதா என்று வியக்கிறாள்.

1927இல் மகாடு சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்த வரலாறு நமக்கு இருக்கிறது. அதனால் இந்த இரண்டு காட்சிகளும் நமக்குச் சாதாரணக் கதைகள் அல்ல. தீட்டு என்று ஒதுக்கப்பட்ட கையிலிருந்து நீர் வாங்கிக் குடிக்கக் கேட்டதுதான் இரண்டு மரபுகளுக்கும் பொதுவான இடம்.

வேறுபாடு அதற்குப் பிறகு தொடங்குகிறது. சமாரியப் பெண்ணிடம் இயேசு அவள் வாழ்க்கையைச் சொல்கிறார். அவள் இதுவரை யாரோடெல்லாம் வாழ்ந்தாள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. தான் முழுமையாக அறியப்பட்டிருக்கிறோம் என்ற அதிர்ச்சியிலும் மகிழ்ச்சியிலும் குடத்தை அங்கேயே விட்டுவிட்டு ஊருக்குள் ஓடுகிறாள். அவளுக்கு நம்பிக்கை ஒரு நபரின் வழியாக வருகிறது. பிரகிருதியோ சங்கத்தில் சேர்ந்து பிக்குணி ஆகிறாள். சண்டாளப் பெண்ணைச் சேர்ப்பதா என்று சிராவஸ்தி நகரத்துப் பார்ப்பனர்கள் கொந்தளிக்கிறார்கள். அப்போது புத்தர் திரிசங்கு என்ற மாதங்க அரசனின் கதையைச் சொல்கிறார். தன் மகனுக்கு ஒரு பார்ப்பனரின் மகளைப் பெண் கேட்ட அந்த அரசன், சாதி என்பது இயற்கையில் இல்லை என்று அடுக்கடுக்காக வாதிடுகிறான். ஒரு பெண்ணின் விடுதலையைச் சொல்லத் தொடங்கிய கதை, சாதிக்கு எதிரான நீண்ட தர்க்கமாக விரிகிறது.

ஒரு கிணற்றடியில் உறவு. இன்னொன்றில் வாதம். இரண்டு மரபுகளின் ஆன்மிகத்தையும் இப்படிச் சுருக்கிச் சொல்லலாம். ஆனால் சுருக்கம் முழு உண்மை ஆகாது.

கிறித்தவத்தில் விசுவாசம் என்பது ஒருவர் மீது வைக்கும் நம்பிக்கை. காயத்தைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்கிறார் தோமா. நம் சென்னைப் பரங்கிமலையோடு மரபு இணைத்துப் பேசும் அதே தோமாதான். இயேசு அவரை விரட்டவில்லை, தொட அழைக்கிறார். ஆனால் காணாமலே நம்புகிறவர்கள் பேறுபெற்றவர்கள் என்றும் சொல்கிறார். பாலியில் 'சத்தா' என்ற சொல் இருக்கிறது. அதுவும் நம்பிக்கைதான். ஆனால் அது வைத்தியரிடம் நோயாளி வைக்கும் நம்பிக்கை போன்றது. மருந்தைச் சாப்பிட்டுப் பார்க்கத் தேவையான அளவு நம்பினால் போதும், மீதியை உடம்பு சொல்லும். மரபு, சாத்திரம், குருவின் பெருமை எதற்காகவும் ஏற்காதீர்கள், நன்மை தருகிறதா என்று நீங்களே அறிந்து ஏற்றுக்கொள்ளுங்கள் என்று காலாமர்களிடம் புத்தர் சொன்னதன் சாரம் இதுதான். நோயில் கிடந்த வக்கலி என்ற பிக்கு புத்தரின் முகத்தைப் பார்க்க ஏங்கியபோதும், இந்த உடலைப் பார்ப்பதில் என்ன இருக்கிறது, தம்மத்தைப் பார்ப்பவரே என்னைப் பார்க்கிறார் என்று திருப்பிவிட்டார்.

நம் தமிழிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. மணிமேகலை வஞ்சி நகரில் பல சமயத்தாரின் கொள்கைகளையும் உட்கார்ந்து கேட்கிறாள். கேட்ட பிறகே காஞ்சியில் அறவண அடிகளிடம் தம்மம் ஏற்கிறாள். அதற்கு முன்பே அவள் கையில் பசி தீர்க்கும் அமுதசுரபி இருக்கிறது. முதலில் சோறு, பிறகு கேள்வி, கடைசியில்தான் நம்பிக்கை.

இப்படிச் சொன்னால் பௌத்தம் வென்றுவிட்டதாகத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். துயரத்தை இரண்டும் எப்படிக் கையாளுகின்றன என்று பாருங்கள். லாசரின் கல்லறை முன் இயேசு அழுகிறார். பிறகு அவரை எழுப்புகிறார். இறந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த கிசாகோதமியிடம், சாவு நேராத வீட்டிலிருந்து கடுகு வாங்கி வா என்கிறார் புத்தர். வீடு வீடாக அலைந்து வந்தவள் உண்மையைப் புரிந்துகொள்கிறாள். எது உயர்ந்தது? அறிவுக்குக் கடுகுக் கதை பிடிக்கிறது. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு, தன்னோடு சேர்ந்து அழும் ஒருவர் வேண்டும் என்பதில் என்ன தவறு? 1980களில் தலித் இறையியலை முன்னெடுத்த அர்விந்த் நிர்மல் போன்றவர்கள், துன்பப்படும் கடவுளில் தலித்தின் முகத்தைக் கண்டது இந்த இடத்திலிருந்துதான். பிறப்பிலேயே நீ ஒன்றுமில்லை என்று சொல்லப்பட்ட ஒருவரிடம், உன்னைப் பெயர் சொல்லி அழைக்கும் ஒருவர் இருக்கிறார் என்று சொல்வது சின்ன விடுதலை இல்லை.

ஆனால் நல்ல கதைகள் மட்டும் நம்மைக் காப்பாற்றியதில்லை. எங்கள் ஆயா இறந்தபோது, கல்லறைத் தோட்டத்தில் 'நம்ம ஆளுங்களுக்கு' என்று ஒதுக்கிய மூலையில்தான் புதைத்தோம். உயிர்த்தெழுதலை அறிவிக்கும் இடத்திலும் சாதிக்கு ஒரு மூலை இருந்தது. சபை இப்படி என்றால் அரசு இன்னொரு பக்கம். 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். தலித் கிறித்தவர்களும் தலித் முசுலிம்களும் இன்றும் வெளியே நிற்கிறார்கள். 2007இல் அறிக்கை தந்த ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தும் மாறவில்லை. பௌத்தம் தழுவிய எனக்கு உள்ள உரிமை என் ஆயாவுக்கு இல்லை. இருவரையும் ஒதுக்கியது ஒரே சாதிதான்.

பௌத்தத்துக்கும் இதில் விலக்கு இல்லை. 1753இல் இலங்கையில் நிறுவப்பட்ட சியாம் நிகாயம் விரைவிலேயே உயர்சாதியினருக்கு மட்டும் துறவறம் என்று கதவை மூடியது. அதை எதிர்த்துத்தான் 1803இல் அமரபுர நிகாயம் பிறந்தது. சாதியை மறுத்தவரின் பெயரிலேயே சாதிச் சங்கம் நடந்தது. முற்பிறவி வினையால்தான் இந்தப் பிறப்பு என்று சொல்லி நம்மை ஒடுக்கவும் பௌத்தத்தை வளைக்க முடியும். அதனால்தான் அம்பேத்கர் 'புத்தரும் அவர் தம்மமும்' நூலின் முன்னுரையிலேயே கர்மம், மறுபிறப்பு பற்றிய கேள்விகளை எழுப்பினார். 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கிய அயோத்திதாசரும் கிடைத்ததை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. தமிழ் மரபிலிருந்து தம் பௌத்தத்தைத் தாமே மீட்டெடுத்தார். இருவரும் மதத்துக்குள் போனார்கள், கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு.

இனி ஆயாவின் கேள்விக்கு வருகிறேன். யாரிடம் சொல்வது?

விநயத்தில் ஒரு நிகழ்ச்சி. வயிற்றுப்போக்கால் ஒரு பிக்கு தன் கழிவிலேயே கிடக்கிறார். அவரால் யாருக்கும் பயனில்லை என்று மற்ற பிக்குகள் கவனிக்கவில்லை. புத்தரும் ஆனந்தரும் அவரைக் கழுவிப் படுக்கவைக்கிறார்கள். பிறகு பிக்குகளைக் கூட்டிச் சொல்கிறார்: உங்களைப் பார்க்க இங்கே தாய் தகப்பன் இல்லை, ஒருவரை ஒருவர் நீங்கள் பார்க்காவிட்டால் யார் பார்ப்பார்கள்? என்னைப் பேண நினைப்பவர் நோயுற்றவரைப் பேணட்டும். மத்தேயு நற்செய்தியில் கடைசித் தீர்ப்பைப் பற்றிப் பேசும்போது இயேசு சொல்வதும் ஏறக்குறைய இதுதான். பசித்தவருக்கும் நோயாளிக்கும் சிறையில் இருப்பவருக்கும் செய்தது எனக்கே செய்தது என்கிறார்.

கிணற்றடியில் பிரிந்த இரண்டு மரபுகளும் நோயாளியின் படுக்கையருகே சந்திக்கின்றன. ஆயா கேட்ட "யார்கிட்ட" என்பதற்கு பௌத்தத்தின் பதில் சங்கம். அதாவது நாம். புத்தம், தம்மம் என்று சொல்லிவிட்டுச் சங்கத்தை விட்டுவிட்டால் நம் பௌத்தம் வெறும் சுவர்ப்படம்தான். நடு இரவில் அழும் தோழரின் தொலைபேசியை எடுக்க ஆளில்லாத இயக்கம், கடவுள் இல்லை என்று சொல்லும் தகுதியை இழந்துவிடுகிறது.

ஆயாவின் கடைசி வாரங்களில் தினமும் இரவு அவருக்குச் சங்கீதம் வாசித்தேன். 22 உறுதிமொழி எடுத்தவன் இதைச் செய்யலாமா என்று ஒரு தோழர் கேட்டார். எனக்கு அதில் குழப்பம் இல்லை. அவர் தன் கடவுளோடு பேசினார். நான் அவர் பக்கத்தில் இருந்தேன். தூக்கம் வராத இரவில் அவர் கேட்க நினைத்தது, பக்கத்தில் யாராவது இருப்பார்களா என்பதைத்தான் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

மதம் மாறுவதும் மாறாமல் இருப்பதும் உங்கள் உரிமை. எதில் இருந்தாலும் இரண்டு கேள்விகளை விடாதீர்கள். இங்கே தண்ணீர் எல்லாருக்கும் ஒரே குவளையிலா? கல்லறை எல்லாருக்கும் ஒரே வரிசையிலா? இல்லை என்றால், அங்கேயே நின்று சண்டை போடுங்கள்.