ஆசிரியப் பயிற்சிக்குச் செல்லுமுன்

தில்லியிலும் மும்பையிலும் வாழும் நம்மவர் இல்லங்களில், பட்டம் பெற்றபின் பி.எட். பயின்று ஆசிரியராகலாம் என்னும் பேச்சு அடிக்கடி எழுவதுண்டு. எந்த வகுப்புக்கு ஆசிரியர் என்பதை முதலில் கேட்டுக்கொள்வது நலமென்று கருதுகிறோம். ஐந்தாம் வகுப்பு வரை கற்பிக்கப் பி.எட். தகுதியாகாதென 2023-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறுவர்க்குக் கற்பிக்க விழைவோர், பன்னிரண்டாம் வகுப்பில் 50 விழுக்காடு பெற்றிருப்பின், ஈராண்டுத் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பில் உடனே சேரலாம்; பட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டுவதில்லை.

பி.எட். படிப்புக்கும் பட்டத்தில் 50 விழுக்காடு வேண்டுமெனத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014-இல் விதித்தது. பட்டியல் இனத்தார்க்குச் சலுகை உண்டு. ஆனால் நம்மவர் பலர் இடறுவது இங்கேதான். சொந்த மாநிலத்துச் சாதிச் சான்று, குடியேறிய மாநிலத்தின் சலுகைக்குச் செல்லாதென உச்ச நீதிமன்றம் 1990-இலேயே கூறிவிட்டது. சான்றொன்றையே நம்பி விண்ணப்பித்தால் ஓராண்டு வீணாகலாம். கல்லூரியில் முன்னரே விசாரித்தறிய வேண்டுகிறோம்.

சேர்ந்தபின் வருகைப் பதிவே பெரும் சோதனை. அவ்விதிகளின்படி வகுப்புகளுக்கு 80 விழுக்காடும், பள்ளியில் பெறும் 20 வாரப் பயிற்சிக்கு 90 விழுக்காடும் வருகை வேண்டும். அப்பயிற்சியில் தவறவிடக்கூடியவை பத்துப் பன்னிரண்டு நாள்களே. கல்யாணம், கோயில் திருவிழா என்று ஊருக்குப் போய்ப் பதினைந்து நாள் தங்கிவரும் நம் வழக்கத்துக்கு அங்கே இடமில்லை! ஈராண்டுப் படிப்பை, எத்துணை இடையூறு நேரினும், சேர்ந்த நாளிலிருந்து மூன்றாண்டுக்குள் முடித்தாக வேண்டும். பயிற்சிப் பள்ளியின் பிள்ளைகள் இந்தியிலோ மராத்தியிலோ வினவுவர். கரும்பலகையில் அம்மொழியைப் பிழையின்றி எழுத, சேர்வதற்கு முந்தைய கோடை விடுமுறையிலேயே பழகத் தொடங்கலாம்.