வாங்கிய காரும் வாங்கியவர் உரிமையும்

யாழ்ப்பாணத்தார் காணி வாங்கும்போது காட்டும் விழிப்பு ஊரறிந்தது. மூல உறுதி எங்கே, எல்லைக் கல் எங்கே, உடன்பங்காளருக்குத் தேசவழமைப்படி முன்னுரிமை உண்டா என்று நொத்தாரிசைத் துளைத்தெடுத்த பின்னரே கையொப்பம் இடுவர். ஒல்லாந்தர் காலத்தில், 1707ஆம் ஆண்டில், அவ்வழமை எழுத்தில் ஏறியதிலிருந்து இப்பழக்கம் இரத்தத்தில் ஊறிவிட்டது எனலாம். ஆனால் அதே மனிதர், ஒரு காணியின் விலையைக் கொடுத்து மோட்டார்க் கார் வாங்கும்போது, உத்தரவாதப் புத்தகத்தை ஒருமுறையேனும் புரட்டாமல் லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிடுகின்றார்.

கோப்பாயிலுள்ள ஒருவர் தவணைக் கடனில் புதிய கார் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்டுகின்றார் என வைத்துக்கொள்ளலாம். இரண்டாம் மாதத்தில் கியர் மாறும்போது வண்டி உதறுகின்றது. விற்றவரின் கராச்சில் இரண்டு நாள் நிறுத்தி, “எல்லாம் சரி” என்று கொடுக்கின்றனர். கொழும்புக்குப் புறப்பட்ட வண்டி ஆனையிறவைத் தாண்டுமுன் மீண்டும் உதறுகின்றது. மறுபடியும் கராச்சு, மறுபடியும் “எல்லாம் சரி”. திருத்தக் கூலி எதுவும் கேட்பதில்லை; அது உண்மை. ஆனால் வண்டி நின்ற நாள்களுக்கு உழைப்பு இல்லை. தவணைப் பணமோ ஒரு நாளும் நிற்பதில்லை. இவர் இன்னும் எத்தனை முறை பொறுக்க வேண்டும்? வேறு கார் தா, அன்றேல் பணத்தைத் தா என்று கேட்கும் உரிமை எப்போது பிறக்கின்றது?

இவ்வினாவுக்கு விடை தேடுவோர் முதலிற் காண்பது 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். இங்கிலாந்தின் 1893ஆம் ஆண்டுச் சட்டத்தை அடியொற்றி எழுந்த இது இன்றும் இலங்கையில் நடைமுறையிலுள்ளது. இச்சட்டம் நிபந்தனை என்றும் உத்தரவாதம் என்றும் இரு சொற்களைப் பிரித்து வழங்குகின்றது. நிபந்தனை மீறப்பட்டால் பொருளையே வேண்டாமென்று தள்ளலாம். உத்தரவாதம் மீறப்பட்டால் நட்டஈடு கேட்கலாமேயன்றிப் பொருளைத் தள்ள இயலாது. கடைக்காரர் பெருமையோடு நீட்டும் உத்தரவாதம் என்ற சொல், சட்டத்தின் கண்ணில் இரண்டினுள் மெலிந்ததாகும்.

விற்பனைக்குரிய தரத்தில் பொருள் இருத்தல் வேண்டும் என்பது நிபந்தனை வகையைச் சேர்ந்தது. ஆகவே அடிப்படையிலேயே பழுதான காரைத் தள்ளலாம் என்று வாதிட வழியுண்டு. ஆனால் நியாயமான காலம் கடந்தும் மறுப்புத் தெரிவிக்காமல் வைத்திருந்தவர் பொருளை ஏற்றுக்கொண்டவராகவே கருதப்படுவார். ஏற்றபின் எஞ்சுவது நட்டஈடு மாத்திரமே. பொறுத்தார் பூமியாள்வார் என்பது நல்ல பழமொழிதான். கார் வாங்கியவருக்கு அது பொருந்தாது. வாய் திறவாமல் ஐந்தாவது தடவையாகக் கராச்சுக்குச் செல்பவர் தம் உரிமையைத் தாமே தேய்த்துவிடக்கூடும்.

நீதிமன்றுக்குச் செல்லாத வழியும் உண்டு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை அமைக்கப்பட்டது. வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ அளித்த உத்தரவாதத்துக்கு இணங்காத பொருளைப் பற்றிய முறைப்பாட்டை அச்சபை விசாரிக்கலாம். விற்றவருக்கும் தம் பக்கத்தைச் சொல்ல இடமளித்து, நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பவோ கட்டளையிடலாம். 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் விபரம் கேட்கலாமாயினும் முறைப்பாடு எழுத்தில் இருத்தல் வேண்டும். அதுவும் விற்பனை நிகழ்ந்து மூன்று மாதத்துள் கொடுக்கப்படல் வேண்டும்.

இங்கேதான் முள் இருக்கின்றது. கம்பனி மூன்று ஆண்டு உத்தரவாதம் கொடுக்கின்றது. சட்டமோ மூன்று மாதத்தில் கதவைச் சாத்துகின்றது. நான்காம் மாதத்தில் தலைகாட்டும் பழுதுக்கு என்ன செய்வது? உத்தரவாதத்தின்கீழ் நடந்த ஒவ்வொரு திருத்தமும் ஒரு சேவையே. சேவை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டுமென்று அதே சட்டம் கூறுகின்றது. ஆதலால் காலத்தைத் திருத்தம் நடந்த நாளிலிருந்து எண்ணுக என்று சட்டத்தரணி ஒருவர் வாதிடலாம். அவ்வாறு வாதிட்டுப் பெற வேண்டிய நிலையிற் பாவனையாளரை விட்டிருப்பது சட்டத்தின் குறையே.

பிற நாடுகள் இவ்விடத்தில் எண்ணிக்கையால் பேசுகின்றன. அமெரிக்காவின் கனெக்ரிகட் மாநிலம் 1982இல் இயற்றிய சட்டம், ஒரே பழுதுக்கு நான்கு முறை திருத்தியும் தீராவிடினும், முப்பது நாள் வண்டி ஓடாது நின்றாலும், வாங்கியவர் பக்கம் சாய்ந்தது. சிங்கப்பூரில் 2012 செப்ரெம்பர் முதல், ஆறு மாதத்துள் வெளிப்படும் குறை கையளித்தபோதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லையென்று காட்டுவது விற்றவர் பொறுப்பு. இங்கிலாந்தோ தன் 1893ஆம் ஆண்டுச் சட்டத்தை எப்போதோ கழற்றிவிட்டது. 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல் முப்பது நாளில் காரைத் திருப்பலாம். அதன் பின்னும் ஒரு திருத்தம் பலிக்காவிட்டால் தள்ளும் உரிமை எழும். லண்டனிலிருக்கும் மகனுக்கு உள்ள இவ்வுரிமை கோப்பாயிலிருக்கும் தந்தைக்கு இல்லை.

அயலிலுள்ள இந்தியாவில் இரு தீர்ப்புகள் கவனிக்கத்தக்கன. ஒரு பாகத்தை மாற்றினால் தீரும் குறைக்காக முழுக் காரையும் மாற்றச் சொல்லலாகாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2006இல், கிளச்சுப் பழுது பற்றிய மாருதி வழக்கில், கூறியது. 2022இலோ, விபத்தில் காற்றுப்பை விரியாத ஹுண்டாய் காருக்கு மாற்று வண்டியும் மூன்று இலட்சம் ரூபா நட்டஈடும் என்ற கட்டளையை அதே மன்றம் உறுதிசெய்தது.

குடாநாட்டுக்கே உரிய ஓர் இடர் வேறு உண்டு. 1990 முதற்கொண்டு பெற்றோல் தடைப்பட்ட ஆண்டுகளில், சில துளி பெற்றோலைக் காட்டி மண்ணெண்ணெயிற் கார் ஓட்டிய ஊர் இது. எந்தப் பழுதையும் தன் மூளையால் தீர்க்கும் மெக்கானிக் ஒவ்வொரு சந்தியிலும் உண்டு. போற்றத்தக்க கைவண்ணமே. ஆனால் உத்தரவாதக் காலத்தில் அவர் ஓர் ஆணியைக் கழற்றினாலும், “வெளியார் கைவைத்துவிட்டார்” என்று கம்பனி கைகழுவ வழி பிறக்கும்.

ஆகவே கோப்பாய்க்காரர் செய்யத்தக்கது, இரண்டாம் முறை பழுது வந்தவுடனேயே எழுதத் தொடங்குவது. கராச்சுத் துண்டில், வண்டி உள்ளே வந்த நாள், வெளியே சென்ற நாள், ஓடிய தூரம், தாம் சொன்ன குறை ஆகியவற்றைத் தம் சொற்களிலேயே பதியச் செய்து பிரதி பெறல் வேண்டும். “பொதுச் சேர்விஸ்” என்று எழுதிக் கொடுக்கும் துண்டு பின்னர் அவருக்கு எதிராகவே பேசும். திருத்தத்துக்கு விட்டாலும் காரை ஏற்றுக்கொண்டதாகக் கொள்ளலாகாது என்று பதிவுத் தபாலில் விற்றவருக்கு ஒரு கடிதம் போகவேண்டும். கடன் கொடுத்த கம்பனிக்கும் ஒரு பிரதி போகவேண்டும். குத்தகை முறையில் வாங்கிய வண்டிக்கு உடைமையாளர் அக்கம்பனியே. கோபத்தில் தவணையை நிறுத்துவது வண்டியையும் இழக்கச் செய்யும். எழுத்திலமைந்த ஒப்பந்த மீறலுக்கு வழக்கிட ஆறு ஆண்டு காலம் உண்டாதலின், மூன்று மாதம் தவறியவர் முற்றாக மனந்தளர வேண்டியதில்லை. சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியற்றவர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

யப்பானிலிருந்து வரும் பாவித்த கார்களின் நிலை வேறு. அவற்றுக்குப் பெரும்பாலும் உற்பத்தியாளர் உத்தரவாதம் இல்லை; விற்பவர் வாயாற் சொல்வதே உள்ளது. அந்த வாய்ச்சொல்லைப் பற்றுச்சீட்டின் பின்புறத்தில், திகதியோடும் கையொப்பத்தோடும், பணம் கைமாறுமுன் எழுதுவித்துக்கொள்ளல் வேண்டும்.